டவுன்லோடு செய்த ஊடாடும் நிரல்கள்: ஒன்று ஓடுகிறது, ஒன்று பாதியில் நிற்கிறது, ஒன்று திறக்கவே மறுக்கிறது

#1 | வெண்பலகை
வணக்கம். இணைய இணைப்பு இல்லாத கணினி அறை. விண்டோஸ் 10, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் உண்டு. பென்டிரைவில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, ஃபெட் என்ற அறிவியல் பாவனைத் தளத்தின் மின்சுற்றுப் பாவனை. ஒரே எச்டிஎம்எல் கோப்பு, டபுள் கிளிக் செய்தால் உடனே ஓடுகிறது. இரண்டு, யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் கருவியில் செய்த இயற்பியல் ஆய்வகம், ஜிப்பாக வந்தது. இண்டெக்ஸ் கோப்பைத் திறந்தால் லோகோவும் பட்டையும் வந்து அப்படியே நிற்கிறது. மூன்று, பழைய எஸ்டபிள்யூஎஃப் (ஃபிளாஷ்) பாடங்கள். குரோமில் இழுத்துப் போட்டால் ஓடாமல் மறுபடியும் டவுன்லோடு ஆகிறது. பிரவுசர் ஒன்றுதான், நடத்தை மூன்று விதம். எங்கே கோளாறு?

#2 | நூல்கண்டு
எஸ்டபிள்யூஎஃப் தனிக் கதை, பிறகு வருவோம். முதலில் யூனிட்டி. ஜிப்பை முழுக்கப் பிரித்தீர்களா? விண்டோஸில் ஜிப்புக்குள் நுழைந்து இண்டெக்ஸை டபுள் கிளிக் செய்தால், அந்த ஒரு கோப்பை மட்டும் டெம்ப் ஃபோல்டருக்கு எடுத்துத் திறக்கும். பக்கத்தில் இருக்கும் பில்ட் ஃபோல்டர் கூட வராது. வலது கிளிக், எக்ஸ்ட்ராக்ட் ஆல், பிறகு திறங்கள்.

அப்போதும் நின்றால் எஃப்12 அழுத்தி கன்சோலில் வரும் சிவப்பு வரியை இங்கே போடுங்கள். பட்டை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து நோய் சொல்ல முடியாது.

#3 | வெண்பலகை
பிரித்துத்தான் திறந்தேன். சிவப்பு வரி: ஆரிஜின் 'நல்' என்பதிலிருந்து இந்தக் கோப்பை அணுகுவது கோர்ஸ் கொள்கையால் தடுக்கப்பட்டது. இதே பொருளில் மூன்று வரி.

#4 | நூல்கண்டு
அதுதான். கோர்ஸ் என்பது, ஓர் இடத்திலிருந்து வந்த பக்கம் வேறு இடத்துக் கோப்பைப் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி. உங்கள் முகவரிப் பட்டையைப் பாருங்கள். 'ஃபைல்' என்று ஆரம்பித்து மூன்று சாய்கோடு இருக்கும். எந்த ஒரு பக்கத்துக்கும் 'இது எங்கிருந்து வந்தது' என்ற அடையாளத்தை பிரவுசர் குறித்துக்கொள்ளும்: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, எந்தக் கணினி, எந்த போர்ட் (ஒரே கணினியில் உள்ள சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்). இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஆரிஜின். வட்டிலிருந்து நேராகத் திறந்த கோப்புக்கு இவை எதுவும் கிடையாது. ஆகவே அதை ஊர் பேர் தெரியாத பக்கமாக வைத்துக்கொள்கிறது. அதைத்தான் 'நல்' என்கிறது. ஊர் பேர் தெரியாத பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வேறு கோப்பைக் கேட்டால், அந்தக் கோப்பு அதே ஃபோல்டரில் இருந்தாலும் தரமாட்டேன் என்கிறது.

கவனிக்க: எல்லாமே தடைபடாது. படம், ஸ்டைல் கோப்பு, பழைய பாணி ஸ்கிரிப்ட் டேக் இவையெல்லாம் வந்துவிடும். தடைபடுவது ஃபெட்ச் கோரிக்கை (ஜாவாஸ்கிரிப்ட் தானே ஒரு கோப்பைக் கேட்பது), 'மாட்யூல்' வகை ஸ்கிரிப்ட், பின்னணியில் ஓடும் வெப் ஒர்க்கர், வெப்அசெம்ப்ளி (பிரவுசரில் ஓடும்படி முன்பே தொகுத்த நிரல்) கோப்பு. லோகோவும் பட்டையும் வந்து யூனிட்டி பாதியில் நிற்பது இதனால்தான். லோகோ சாதாரணப் படம், அது வந்துவிட்டது. உண்மையான நிரல் வெப்அசெம்ப்ளியில் இருக்கிறது, அது வரவில்லை.

ஃபெட் ஏன் ஓடுகிறது? படம், ஒலி, மொழிபெயர்ப்பு, நிரல் அத்தனையையும் ஒரே எச்டிஎம்எல்லுக்குள் திணித்து வைத்திருக்கிறார்கள். அது வெளியே எதையும் கேட்பதில்லை. சி போன்ற மொழி நிரலை வெப்அசெம்ப்ளியாக்கும் எம்ஸ்கிரிப்டன் கருவியிலும் வெப்அசெம்ப்ளியை ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே பொதிக்கும் 'சிங்கிள் ஃபைல்' தேர்வு உண்டு. ஆனால் அதை நிரலை உருவாக்குபவர்தான் போட வேண்டும். வாங்கிய நம் கையில் இல்லை.

#5 | விரைவழி
இவ்வளவு எதற்கு? ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள், ஒரே ஃபோல்டர் என்றால் விடும். இல்லாவிட்டால் குரோம் ஷார்ட்கட்டின் டார்கெட் வரியில் 'கோப்பிலிருந்து கோப்பை அணுக அனுமதி' என்ற கொடியை (தொடங்கும்போது கொடுக்கும் தேர்வு) சேர்த்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை.

#6 | கருந்திரை
ஃபயர்ஃபாக்ஸ் பற்றியது பழைய செய்தி. 2019 ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பிலேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரே ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை ஒரே ஆரிஜினாகத்தான் பார்த்தது. அது ஏன் ஆபத்து என்று யோசியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆதார் ஸ்கேன் இருக்கும், வங்கிக் கணக்கு அறிக்கை இருக்கும். அதே இடத்தில் யாரோ அனுப்பிய எச்டிஎம்எல் ஒன்றும் வந்து உட்காரும். அதைத் திறந்த உடனே அது பக்கத்துக் கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பலாம். அந்த ஓட்டையைத்தான் அடைத்தார்கள்.

நீங்கள் சொல்லும் குரோம் கொடி அதே ஓட்டையை நாமே திறந்துவிடுவது. போதாததற்கு, குரோம் ஏற்கெனவே ஒரு ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தால் கொடியைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும். 'போட்டேன், வேலை செய்யவில்லை' என்று வரும் புகாரில் பாதி இதுதான். பலர் பயன்படுத்தும் கணினியில் அந்த ஷார்ட்கட்டை விட்டுவைத்தால் நாளை யாரோ அதே ஜன்னலில் மெயில் பார்ப்பார்கள். வேண்டாம்.

#7 | விரைவழி
இணையமே இல்லாத அறை என்கிறார். வெளியே எங்கே அனுப்பும்?

#8 | கருந்திரை
இன்றைக்கு இல்லை. ஷார்ட்கட் அங்கேயே இருக்கும், இணையம் ஒரு நாள் வரும். தவிர, கணினியிலேயே ஒரு சிறிய சர்வர் வைத்து அதன் வழியாகத் திறந்தால் பக்கத்துக்கு ஆரிஜின் கிடைத்துவிடும், தடை போய்விடும். அதுவும் ஒரு நிமிட வேலைதான். செய்து காட்டுகிறேன்.

பைதான் நிரல்மொழி கணினியில் இருந்தால் போதும். இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாத கணினி என்றால், பைதான் தளத்திலேயே 'எம்பெடபிள்' என்ற பெயரில் ஜிப் கிடைக்கும். அதைப் பிரித்து பென்டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம், நிறுவவே வேண்டாம்; கீழே வரும் கட்டளையில் மட்டும் 'பைதான்' என்ற இடத்தில் அதன் முழுப் பாதையை அடிக்க வேண்டும். விண்டோஸில் ஒரு பொறி உண்டு: பைதான் இல்லாத கணினியில் 'பைதான்' என்று அடித்தால் பிழை சொல்லாமல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறக்கும். ஏதோ நிறுவப்படுகிறது என்று காத்திருக்காதீர்கள்.

இண்டெக்ஸ் கோப்பு இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் 'சிஎம்டி' என்று அடித்து என்டர். கறுப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். பிறகு கட்டளை. வாயால் சொல்வது போல எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்: பைதான், இடைவெளி, கழித்தல் குறி எம், இடைவெளி, எச்டிடிபி புள்ளி சர்வர், இடைவெளி, 8000, இடைவெளி, இரண்டு கழித்தல் குறி பைண்ட், இடைவெளி, 127.0.0.1. பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கணினி என்று பொருள்), முக்காற்புள்ளி, 8000. அவ்வளவே. நிறுத்த கன்ட்ரோல் சி.

கடைசியில் உள்ள 'பைண்ட்' பகுதியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சர்வர் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் காது கொடுக்கும். அதே வைஃபையில் உள்ள எவரும் அந்த ஃபோல்டரைப் பட்டியலோடு பார்க்கலாம். வீட்டு ஃபோல்டரில் நின்றுகொண்டு இந்தக் கட்டளையை அடிப்பவர்கள் உண்டு. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போவது மாதிரி.

'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று வந்தால் (விண்டோஸில் பிழை எண் 10048) அந்த போர்ட்டை வேறு ஏதோ பிடித்திருக்கிறது. 8001 போடுங்கள். 6000 போன்ற சில எண்களைக் குரோமே பாதுகாப்பற்ற போர்ட் என்று மறுக்கும், அவற்றைத் தொடாதீர்கள். மேக்கில் 5000 வேண்டாம். ஆப்பிளின் ஏர்ப்ளே வசதி அதில் உட்கார்ந்திருக்கும்.

#9 | வெண்பலகை
நன்றி. கோர்ஸ் வரி போய்விட்டது. ஆனால் இப்போது வேறு: பில்ட் ஃபோல்டரில் உள்ள 'ஃபிரேம்வொர்க் புள்ளி ஜேஎஸ் புள்ளி ஜிஇசட்' கோப்பைப் படிக்க முடியவில்லை, சர்வர் சரியாக அமைக்கப்படவில்லை என்கிறது.

#10 | நூல்கண்டு
எதிர்பார்த்ததுதான். ஜிஇசட் என்றால் ஜிஜிப்பில் சுருக்கிய கோப்பு. உண்மையான சர்வர் அதை அனுப்பும்போது 'கன்டென்ட் என்கோடிங்: ஜிஜிப்' என்று தலைப்பில் ஒரு வரி சேர்க்கும். அதைப் பார்த்து பிரவுசர் தானே விரித்துக்கொள்ளும். பைதானின் சிறிய சர்வர் அந்த வரியைச் சேர்க்காது. சுருங்கிய பைட்டுகளையே ஜாவாஸ்கிரிப்ட் என்று படிக்கப் பார்த்து விழுகிறது.

எளிய வழி, நிரந்தரமாக விரித்துவிடுவது. பில்ட் ஃபோல்டரில் டேட்டா, ஃபிரேம்வொர்க், வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) என மூன்று ஜிஇசட் கோப்புகள் இருக்கும். லோடர் கோப்பு சுருக்கப்பட்டிருக்காது, அதை விடுங்கள். மூன்றையும் 7-ஜிப்பால் அதே இடத்தில் பிரியுங்கள். பிறகு இண்டெக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த மூன்று பெயர்களின் வாலில் உள்ள 'புள்ளி ஜிஇசட்' மட்டும் நீக்கிச் சேமியுங்கள். எதையும் மறுபடி பில்ட் செய்யத் தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கை. வால் 'பிஆர்' என்று இருந்தால் அது பிராட்லி என்ற வேறு சுருக்கமுறை. வழக்கமான 7-ஜிப் அதைத் திறக்காது. ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் உள்ளேயே இருக்கும் இசட்லிப் தொகுப்பால் விரிக்கலாம். வால் 'யூனிட்டிவெப்' என்று இருந்தால் விரிக்கும் நிரலையும் சேர்த்தே பில்ட் செய்திருக்கிறார்கள், எந்தச் சர்வரிலும் ஓடும், தொடக்கம்தான் மெதுவாக இருக்கும்.

#11 | கருந்திரை
விரிக்க விருப்பமில்லாவிட்டால் பைதானிலேயே பத்து வரியில் சர்வர் எழுதலாம். 'சிம்பிள் எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர்' வகுப்பை நீட்டித்து, தலைப்பு முடியும் இடத்தில் கோப்புப் பெயர் ஜிஇசட்டில் முடிகிறதா என்று பார்த்து என்கோடிங் வரியை அனுப்பினால் போதும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். விரித்த கோப்பை ஜிஇசட் என்ற பழைய பெயரிலேயே வைத்து இந்தச் சர்வரையும் ஓட்டினால், 'டீகோடிங் தோல்வி' என்று குரோம் பக்கத்தையே நிறுத்தும்.

அதே கோப்பில் எம்ஐஎம்இ வகைகளையும் (கோப்பு எந்த வகை என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் பெயர்) கையால் எழுதிவிடுவது நல்லது. விண்டோஸில் பைதான் கோப்பு வகைகளை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலிருந்து படிக்கிறது. ஏதோ ஒரு எடிட்டர் ஜேஎஸ் கோப்பை 'வெறும் உரை' என்று அங்கே பதிந்து வைத்திருந்தால், சர்வரும் அப்படியே அனுப்பும், மாட்யூல் ஸ்கிரிப்டை பிரவுசர் மறுக்கும். ஒரு கணினியில் ஓடும், அடுத்ததில் ஓடாது, கோப்பு ஒன்றே. தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் வகை இது. வாஸ்ம் கோப்புக்கு வகை தவறினால் பெரும்பாலும் ஓடிவிடும், முழுதாக இறங்கிய பிறகே தொகுக்கும் என்பதால் தாமதமாகும், கன்சோலில் மஞ்சள் வரி வரும்.

#12 | வெண்பலகை
யூனிட்டி ஓடுகிறது. மூன்றையும் விரித்து வால் நீக்கினேன். இனி எஸ்டபிள்யூஎஃப்?

#13 | பழஞ்சட்டகம்
ஃபிளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31 அன்று ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பழைய பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. ஆகவே எந்த பிரவுசரிலும் செருகுநிரல் கிடையாது. எஸ்டபிள்யூஎஃப்பை என்ன செய்வதென்று தெரியாததால் குரோம் சேமித்துக் கொடுக்கிறது. 'ஃபிளாஷ் பிளேயர் இங்கே கிடைக்கும்' என்று வரும் தளங்களில் எதையும் எடுக்காதீர்கள். பலவும் தீங்குநிரல்.

இப்போது கைகொடுப்பது ரஃபிள். ஃபிளாஷ் பிளேயரைப் போலவே நடந்து பழைய கோப்புகளை ஓட்டும் நிரல் (எமுலேட்டர்), ரஸ்ட் மொழியில் எழுதியது, வெப்அசெம்ப்ளியாகவும் கிடைக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் தன் ஃபிளாஷ் தொகுப்பை இதை வைத்துத்தான் ஓட்டுகிறது. மூன்று உருவில் வரும்: பிரவுசர் நீட்சி, தனி டெஸ்க்டாப் நிரல், நம் பக்கத்தில் சேர்க்கும் ஸ்கிரிப்ட். நீட்சி போட்டும் வட்டிலுள்ள கோப்பு ஓடவில்லையா? குரோமில் நீட்சியின் விவரப் பக்கத்தில் 'கோப்பு முகவரிகளை அணுக அனுமதி' என்ற பொத்தான் முதலில் அணைந்தே இருக்கும், அதைத் திருப்புங்கள்.

ஆனால் எல்லாம் ஓடும் என்று நம்பி நூறு பாடத்தையும் பட்டியலிடாதீர்கள். ஃபிளாஷின் நிரல்மொழியை ஓட்ட அதற்குள் இரண்டு எந்திரங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 பழையது. அது ரஃபிளில் ஏறக்குறைய முழுமை. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 வேறு எந்திரம். நிறைய ஓடுகிறது, நிறைய இடறுகிறது. உங்களிடம் இருப்பது எது என்று, எஸ்டபிள்யூஎஃப்பின் உள்ளடக்கத்தைப் பிரித்துக் காட்டும் ஜேபெக்ஸ் டிகம்பைலரில் திறந்தால் தெரியும். கோப்பே பழுதா என்ற சந்தேகத்துக்கு முதல் மூன்று பைட்டுகளை உரை எடிட்டரில் பாருங்கள்: எஃப்டபிள்யூஎஸ் என்றால் சுருக்காதது, சிடபிள்யூஎஸ் என்றால் இசட்லிப் முறையில் சுருக்கியது, இசட்டபிள்யூஎஸ் என்றால் எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கியது. இந்த மூன்றும் இல்லாமல் வேறு ஏதாவது, குறிப்பாக எச்டிஎம்எல் டேக் தெரிந்தால், நீங்கள் இறக்கியது பாடம் அல்ல; ஏதோ பிழைப் பக்கத்தை எஸ்டபிள்யூஎஃப் என்ற பெயரில் சேமித்திருக்கிறீர்கள்.

#14 | வெண்பலகை
டெஸ்க்டாப் ரஃபிளில் பெரும்பாலானவை ஓடுகின்றன. சிலவற்றில் படம் அசைகிறது, தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டுகிறது. இன்னும் சிலவற்றில் முதல் பக்கம் வருகிறது, 'அடுத்து' அழுத்தினால் வெறுமை.

#15 | பழஞ்சட்டகம்
முதலாவது, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருக்களின் காலத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்தின் குறியெண்ணில் ஏற்றி வைத்தார்கள். எழுத்துருவை எஸ்டபிள்யூஎஃப்புக்குள் பொதித்திருந்தால் இன்றும் சரியாகத் தெரியும். பொதிக்காமல் 'கணினியில் இருப்பதை எடுத்துக்கொள்' என்று விட்டிருந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கிலக் குறி வெளியே தெரியும். எந்த எழுத்துருவைக் கேட்கிறது என்று ஜேபெக்ஸில் பார்த்து, அதைக் கணினியில் நிறுவி, டெஸ்க்டாப் ரஃபிளில் திறங்கள். அது கணினியின் எழுத்துருக்களைத் தொடும். பிரவுசருக்குள் ஓடும் ரஃபிளால் அப்படித் தொட முடியாது. எழுத்துருவைப் பொதித்த ஒரு எஸ்டபிள்யூஎஃப்பைச் செய்து அமைப்பில் கொடுக்க வேண்டும். கூடுதல் வேலை.

இரண்டாவது, அந்தப் பாடம் ஒற்றைக் கோப்பு அல்ல. முதல் கோப்பு 'அடுத்து' அழுத்தும்போது பக்கத்திலுள்ள இரண்டாவது எஸ்டபிள்யூஎஃப்பையோ எக்ஸ்எம்எல்லையோ கூப்பிடும். எல்லாம் பழைய ஃபோல்டர் அமைப்பிலேயே இருக்கின்றனவா பாருங்கள். சிடியிலிருந்து எடுத்து ஒரே ஃபோல்டரில் கொட்டியிருந்தால் வழி தொலைந்துவிடும். எழுத்தின் பெரியது சிறியதும் இங்கே விளையாடும். விண்டோஸில் பேதமில்லை, லினக்ஸில் உண்டு.

#16 | தறிகாரன்
வேறு கோணம். இருபது கணினிக்கும் தனித்தனியாக நகலெடுக்காமல், ஒரே கணினியில் சர்வர் வைத்து மற்றவை அதைத் திறக்கலாமா?

#17 | கருந்திரை
தாராளமாக. அப்போது மட்டும் 'பைண்ட்' பகுதியை நீக்குங்கள், ஃபயர்வால் கேட்கும்போது தனியார் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மற்ற கணினியில் 192.168 என்று ஆரம்பிக்கும் சர்வர் முகவரி, முக்காற்புள்ளி, 8000. பாடங்கள் தவிர வேறெதுவும் அந்த ஃபோல்டரில் இருக்கக் கூடாது.

கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். நிரல் 60 எம்பி என்றால் இருபது கணினிக்கு 1200 எம்பி, அதாவது 9600 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் கேபிளில் குறைந்தது 96 விநாடி. வைஃபையில் எல்லோருக்கும் சேர்த்து 30 எம்பிபிஎஸ்தான் தேறுகிறது என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல். எல்லோரையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னால் எல்லோர் பட்டையும் நின்றது போலத் தெரியும். அங்கே பழுது எதுவும் இல்லை, வரிசைதான். பைதானின் சர்வருக்கு இன்னொரு குறை: கோப்பின் நடுவிலிருந்து ஒரு பகுதி மட்டும் கேட்டால் புரியாது. ஆகவே வீடியோவை முன்னே பின்னே தள்ள முடியாது, சஃபாரியில் வீடியோ தொடங்காமலே இருக்கலாம்.

முக்கியமான வேறுபாடு ஒன்று. லோக்கல்ஹோஸ்டை பிரவுசர் பாதுகாப்பான இடமாக ஏற்கும், 192.168 முகவரியை வெறும் எச்டிடிபியில் ஏற்காது. மைக், கேமரா, சர்வீஸ் ஒர்க்கர் (பக்கத்தின் கோரிக்கைகளை இடைமறிக்கும் பின்னணி ஸ்கிரிப்ட்), 'ஷேர்டு அர்ரே பஃபர்' (நிரலின் இழைகள் பகிரும் நினைவகம்) எதுவும் அங்கே கிடையாது. பிராட்லி சுருக்கமும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அங்கே எடுபடாது. சர்வர் கணினியில் ஓடுகிறது, பக்கத்துக் கணினியில் ஓடவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

#18 | நூல்கண்டு
கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் கருவியில் செய்த நிரல்கள் இதில் நேராக மாட்டும். 4.3க்கு முந்தைய பதிப்புகளின் வெப் பில்டுக்கு ஷேர்டு அர்ரே பஃபர் கட்டாயம். லோக்கல்ஹோஸ்டிலும் அது தானாக வராது: 'கிராஸ் ஆரிஜின் ஓப்பனர் பாலிசி' என்பதற்கு 'சேம் ஆரிஜின்', 'எம்பெடர் பாலிசி' என்பதற்கு 'ரிக்வையர் கோர்ப்' என இரண்டு தலைப்பு வரிகளைச் சர்வர் அனுப்ப வேண்டும். கருந்திரை சொன்ன பத்து வரிச் சர்வரிலேயே சேர்த்துவிடலாம். 2024 ஆகஸ்டில் வந்த 4.3இலிருந்து ஒற்றை இழை (சிங்கிள் திரெட்) பில்ட் செய்யலாம், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

#19 | விரைவழி
சரி, கொடியை விட்டுவிட்டேன். சர்வரில் ஒரு நிரல் நேற்று வரை சேமித்த நிலையை வைத்திருந்தது. இன்று 8001இல் திறந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

#20 | நூல்கண்டு
நான்காம் பதிவைப் பாருங்கள், போர்ட்டும் ஆரிஜினில் சேர்த்தி. பக்கத்தின் தரவை பிரவுசர் சேமிக்கும் லோக்கல் ஸ்டோரேஜும் இண்டெக்ஸ்டு டிபியும் ஆரிஜின் வாரியாகத்தான் இருக்கும். 8000இல் சேமித்தது 8001க்குத் தெரியாது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று திறந்ததும் '127.0.0.1' என்று திறந்ததும் கூட வேறு வேறு. பழைய போர்ட்டிலேயே திறங்கள், அப்படியே இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே போர்ட்டில் நிரல்களை மாற்றி மாற்றி ஓட்டினால், ஒன்று பதிந்த சர்வீஸ் ஒர்க்கர் அடுத்த நிரலின் கோரிக்கைகளையும் பிடித்துக்கொண்டு பழைய கோப்பையே நீட்டும். ஃபோல்டரை மாற்றியும் பழைய நிரலே வருகிறது என்றால் எஃப்12, அப்ளிகேஷன், சர்வீஸ் ஒர்க்கர்ஸ், அன்ரெஜிஸ்டர். நிரலுக்கு ஒரு போர்ட் என்று ஒதுக்கி, எண்ணை ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவைத்தால் இரண்டு தலைவலியும் தீரும்.

#21 | தறிகாரன்
ஆண்ட்ராய்டு டேப்லெட்டில்?

#22 | கருந்திரை
ஃபைல் மேனேஜரிலிருந்து திறந்தால் குரோமுக்கு 'கன்டென்ட்' என்று தொடங்கும் முகவரி போகும். அதில் பக்கத்துக் கோப்பு என்ற உறவே கிடையாது, படம்கூட வராது. ஒற்றைக் கோப்பு ஃபெட் பாவனை மட்டும் தப்பிக்கும். மற்றதற்கு எஃப்-டிராய்டு செயலித் தளத்திலிருந்து டெர்மக்ஸ் என்ற கட்டளைத் திரைச் செயலியை நிறுவி, சேமிப்பக அனுமதி கொடுத்து, அதற்குள் பைதானைப் போட்டு அதே கட்டளை, 8080இல். டெர்மக்ஸைப் பின்னணியில் தள்ளினால் சில டேப்லெட்டுகள் மின்கலம் சேமிக்கிறேன் என்று கொன்றுவிடும். அறிவிப்பில் உள்ள 'வேக் லாக்' பொத்தானை அழுத்தி வையுங்கள்.

#23 | வெண்பலகை
எல்லோருக்கும் நன்றி. 'அடுத்து' சிக்கல் ஃபோல்டர் அமைப்பால்தான். சிடியில் இருந்தபடியே நகலெடுத்ததும் சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: ஃபெட் பாவனை ஆங்கிலத்தில் திறக்கிறது. தமிழில் வைக்க வழி உண்டா?

#24 | நூல்கண்டு
கோப்புப் பெயரின் வாலைப் பாருங்கள். 'ஆல்' என்று முடிந்தால் எல்லா மொழியும் உள்ளேயே இருக்கிறது. முகவரிப் பட்டையில் எச்டிஎம்எல் என்பதற்குப் பின்னால் கேள்விக்குறி, லோகேல், சமக்குறி, டிஏ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து என்டர் அடியுங்கள். வட்டிலிருந்து திறந்தாலும் இது எடுபடும். 'இஎன்' என்று முடிந்தால் அது ஆங்கிலப் பிரதி. தளத்தில் அந்தப் பாவனையின் மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா பார்த்து அந்தப் பிரதியை இறக்க வேண்டும். எல்லாப் பாவனைக்கும் தமிழ் கிடையாது. இல்லாதவற்றுக்கு இந்த வாலைச் சேர்த்தாலும் ஆங்கிலமே வரும்.